இருபத்துநாலு மணி நேரம் கழுவிய பொடி

மின்சாரம் இல்லாவிட்டாலும் அடுப்பு சூடாகும், பொடி கழுவப்படும் என்று நம்பிய ஒரே வேதியியல் விரிவுரையாளன் நானாகத்தான் இருப்பேன். நம்பியதோடு நிறுத்தவில்லை. அதை ஆய்வுக் குறிப்பேட்டில் நீல மையால் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். பிறகு அந்த முட்டாள்தனத்தின் பழியைக் கூட வேலை பார்த்த பெண்ணின் தலையில் வைத்து, எல்லோருக்கும் சிரிப்பு வருகிற மாதிரி ஒரு வாக்கியம் சொன்னேன். சிரிப்பு வந்தது. பின்னாலேயே வினையும் வந்தது.

இரண்டாயிரத்து எட்டு வாக்கில் நடந்தது இது. தேனியிலிருந்து வீரபாண்டி போகிற ரோட்டில் ஒரு தனியார் கல்லூரியில் எனக்கு வேலை. கூடவே பகுதிநேர முனைவர் பட்டம். பகுதிநேரம் என்றால் பாதி நேரம் பாடம், பாதி நேரம் ஆய்வு, மிச்ச நேரம் டீ. இந்தக் கணக்கில் ஐந்து வருடம் ஓடியிருந்தது. சொந்தக்காரர்கள் எந்தக் கல்யாணத்தில் பார்த்தாலும், "இன்னும் படிச்சுக்கிட்டா இருக்கீக?" என்று கேட்பார்கள். பத்தாம் வகுப்பில் தவறிய பையனைக் கேட்கிற அதே குரலில்.

நான் என்ன ஆய்வு செய்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கஷ்டமான விஷயமில்லை. நானே புரிந்துகொண்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோயில் வாசலில் செருப்பைத் தொலைத்துவிட்டு, கிடைத்த இரண்டு வலது செருப்பை மாட்டிக்கொண்டு நடந்து பார்த்திருக்கிறீர்களா? நான் நடந்திருக்கிறேன். அளவு, தோல், தையல் எல்லாம் ஒன்றுதான். ஆனால் இடது கால் ஒத்துக்கொள்ளாது. மூலக்கூறுகளிலும் அப்படி வலது உண்டு, இடது உண்டு. மருந்துக்கு வலது வேண்டும் என்றால் இடது வெறும் குப்பை. சில சமயம் விஷம். சாதாரணமாக ஒரு வினையை நடத்தினால் இரண்டும் பாதிப் பாதி விழும். ஒன்று மட்டும் விழ வேண்டுமானால், வினையூக்கிக்கே ஒரு பக்கம் இருக்க வேண்டும். மாங்கனீசு அணு ஒன்றை வலது கை மாதிரி வளைந்த கூட்டுக்குள் பிடித்து வைத்தால், அது தன் பக்கத்து மூலக்கூறைத்தான் பெரும்பாலும் செய்து தரும்.

அந்தக் கூட்டைச் செய்வதற்கு வலதையும் இடதையும் முதலில் பிரிக்க வேண்டும். பிரிப்பதற்கு டார்டாரிக் அமிலம் போட்டோம். புளியில் இருக்கிற அமிலம்தான் அது. இதை நான் பெரிய ரகசியம் போலச் சொன்னபோது, புதிதாகச் சேர்ந்திருந்த திட்ட உதவியாளர், "அப்ப எங்க வீட்டுப் புளிப்பானையில இருந்தே ஆரம்பிச்சிருக்கலாம்லண்ணே. அஞ்சு வருசம் மிச்சம்" என்றது. பண்ணைப்புரத்துப் பெண். எம்.எஸ்சி. முடித்த கையோடு வந்திருந்தது. அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும், இந்த ஆய்வுக்கூடத்தில் நாக்கு எனக்கு மட்டும் இல்லை என்று.

சரி, மாங்கனீசுக் கூடு தயார். சிக்கல் என்னவென்றால், அது திரவத்தில் கரைந்துபோகும். வேலை முடிந்ததும் அதைத் திரும்ப எடுக்க முடியாது. ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்ய வேண்டும். ஆகவே அதை ஒரு திடப்பொருளில் கட்டிப்போட வேண்டும். தேன்கூடு மாதிரி கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்த சிலிக்காப் பொடி ஒன்று இருக்கிறது. துளைச் சுவரில் சின்னக் கொக்கிகளை முளைக்க வைத்து, கொக்கியில் மாங்கனீசுக் கூட்டை மாட்டிவிட்டால் தீர்ந்தது. வேலை முடிந்ததும் டீ வடிகட்டுவதுபோல் வடிகட்டி, பொடியைத் திரும்பப் பயன்படுத்தலாம். மூன்று முறை, ஐந்து முறை. என் ஆய்வேட்டின் மூன்றாவது அத்தியாயம் முழுக்க இதுதான்.

ஆனால் பஸ்ஸில் சீட்டில் உட்கார்ந்தவனும் இருப்பான், படிக்கட்டில் தொற்றியவனும் இருப்பான். கொக்கியில் மாட்டாமல் சும்மா துளைக்குள் ஒண்டிக்கொண்டிருக்கிற கூடுகளைக் கழுவி வெளியேற்ற வேண்டும். அதற்குச் சாக்ஸ்லெட் என்ற கண்ணாடிக் கருவி உண்டு. கீழே குடுவையில் கரைப்பான் கொதிக்கும். ஆவி மேலே போய்க் குளிர்ந்து, காகிதக் குப்பியில் இருக்கும் பொடியின் மேல் சொட்டும். நிரம்பியதும் பக்கக் குழாய் வழியாகக் கீழே இறங்கும். திரும்பக் கொதிக்கும், திரும்பச் சொட்டும். பக்கக் குழாயில் இறங்குகிற திரவம் நிறமில்லாமல் வருகிற வரைக்கும் விட வேண்டும். புத்தகத்தில் இருபத்துநாலு மணி நேரம் என்று போட்டிருக்கும். நான் புத்தகத்தை மதிக்கிறவன். குழாயைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தேன்.

எங்கள் சாக்ஸ்லெட்டுக்குக் குளிர்நீர் ஓட்டியது ஒரு மீன்தொட்டி மோட்டார். வாளியில் தண்ணீர், அதில் ஐஸ், ஐஸுக்குள் மோட்டார். அடுப்பும் மோட்டாரும் ஒரே பலகையில் சொருகியிருந்தன. ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அதைப் போட்டேன். மறுநாள் வீரபாண்டியில் சொந்தத்தில் ஒரு கிடா விருந்து. போனேன், சாப்பிட்டேன், அங்கேயே ஆற்றங்கரை மண்டபத்தில் கண் அசந்தேன். சாயங்காலம் ஆறு மணிக்குக் கூடத்துக்குத் திரும்பினால், சாக்ஸ்லெட் சமர்த்தாகச் சொட்டிக்கொண்டிருந்தது. 'கழுவியது: 24 மணி நேரம்' என்று எழுதினேன். பழுப்புப் பொடியை உலர்த்திப் புட்டியில் அடைத்தேன்.

அந்தப் பொடி போட்ட முதல் வினை அபாரம். மாதிரியை மதுரைக்குப் பஸ்ஸில் கொண்டுபோய் அளந்து வந்தேன். வலது பக்கம் அள்ளிக்கொண்டு வந்திருந்தது. துறைத்தலைவர், அவர்தான் என் வழிகாட்டியும், "இன்னொரு தடவை போடுங்க" என்றார். புட்டியிலிருந்து புதுப் பொடி எடுத்துப் போட்டேன், அதே முடிவு. எனக்குத் தலைகால் புரியவில்லை. பொடியைத் திரும்பப் பயன்படுத்திப் பார்க்கிற அலுப்பான வேலையைப் பண்ணைப்புரத்துப் பெண்ணிடம் தள்ளிவிட்டு, ஆய்வேட்டின் நன்றியுரையை எழுத உட்கார்ந்தேன். ஆறு பக்கம் வந்தது.

அந்தப் பெண்ணுக்கு முதல் முறை நன்றாக வந்தது. வடிகட்டி எடுத்த பொடியை இரண்டாம் முறை போட்டால் பாதிதான் வந்தது. மூன்றாம் முறை, சும்மா மணலைப் போட்டுக் கலக்கினது மாதிரி.

"அண்ணே, வடிகட்டுன தண்ணி மொதத் தடவையே கலராத்தான் இறங்குச்சு. எழுதி வச்சிருக்கேன்."

"அது சிலிக்காத் தூசித்தா. கண்டுக்கிராத."

"தூசி வெள்ளையாத்தானண்ணே இருக்கும்?"

நான் நன்றியுரையின் ஐந்தாம் பக்கத்தில் இருந்தேன். காதில் விழுந்தது, மண்டைக்குள் போகவில்லை.

அடுத்த நாள் துறைத்தலைவர் கூடத்துக்கு வந்தார். அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அவ்வளவுதான். துடைத்தால் அன்றைக்கு யாருக்கோ நேரம் சரியில்லை என்று அர்த்தம். "உங்க கையில தொண்ணூறு வருது, இந்தப் புள்ள கையில ஏன் விழுகுது?" என்று என்னைக் கேட்டார். அங்கே இளங்கலை செய்முறை வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பார்வையாளர்கள் இருக்கிற இடத்தில் எனக்கு வாய் நிற்காது.

"பண்ணைப்புரத்து ஆளு சார். கம்பு தூத்துற பழக்கத்துல பொடியையும் காத்துல தூத்தி விட்டுருக்கும்."

கூடமே சிரித்தது. துறைத்தலைவரும் சிரித்தார். அந்தப் பெண் மட்டும் புனலைக் கழுவிக்கொண்டே இருந்தது. நான் என் வெற்றியை அனுபவித்துக்கொண்டு டீக்குக் கிளம்பினேன்.

வேடிக்கை, சிரித்ததோடு கரைந்துபோகும் என்று நினைத்தேன். அது துறைத்தலைவர் மனதில் கொக்கி போட்டு உட்கார்ந்துவிட்டது. என் ஆராய்ச்சியில் ஒழுங்காகக் கட்டிப்போடப்பட்ட ஒரே பொருள் அதுதான். திங்கட்கிழமை அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, கை நிதானம் இல்லை, திட்டத்தின் அடுத்த வருடத்துக்கு வேறு ஆள் பார்க்கலாம் என்றிருக்கிறேன் என்று சொல்லிவிட்டார். பெயர்ப் பட்டியல் வெள்ளிக்கிழமை போக வேண்டும். பட்டியலில் பெயர் இல்லையென்றால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் அந்தப் பெண் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யவும் முடியாது. வேலை இருக்கிற வரைக்கும்தான் படிப்பு என்று வீட்டில் பேச்சு. இதை அந்தப் பெண்ணே ஒருமுறை புனல் துடைக்கும்போது சொல்லியிருந்தது.

அன்றைக்கே மேலங்கியை மடித்து வைத்துவிட்டு, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டது. குறிப்பேடு மட்டும் என் மேசையில் இருந்தது.

அதன் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வகுப்பில் கரும்பலகையில் பாதிச் சமன்பாடு எழுதிவிட்டு ஜன்னலுக்குப் போவேன். ஜன்னலில் இருந்து வாசலுக்கு. வாசலில் இருந்து கூடத்துக்கு. "சார், வலது பக்கம் எழுதவே இல்லை" என்று மாணவர்கள் கத்துவார்கள். டீ வாங்கிக் குடிக்காமல் வைத்துவிட்டு வந்தேன். டீக்கடைக்காரர் என் உடம்புக்கு என்ன என்று விசாரித்தார். அந்தப் பெண் பொடியைத் தூற்றியது என்று எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியாது. வாய்க்கு வந்தது, சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை அந்தக் குறிப்பேட்டைத் திறந்தேன். முதல் பக்கத்திலேயே, 'முதல் வடி: லைட் டீ நிறம்' என்று கோடு போட்ட மாதிரிக் கையெழுத்து. கீழே பொடியின் எடை. வடிகட்டும் முன், வடிகட்டிய பின், மூன்று முறையும். தாளில் ஒட்டிக்கொண்ட துளியைத் தவிர எதுவும் குறையவில்லை. தூற்றின ஆள் எடை போட்டு வைக்காது.

உட்கார முடியாமல் எழுந்து, அந்தச் சோதனையைச் செய்தேன். வருடக்கணக்கில் மாணவர்களுக்குக் கரும்பலகையில் சொல்லிக்கொடுத்து, நான் மட்டும் செய்யாமல் விட்ட சோதனை. வினையை ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, பொடியை வடிகட்டி எடுத்துவிட்டு, வெறும் திரவத்தை மட்டும் கலக்க விடுவது. மாங்கனீசு பொடியில் கட்டுண்டு இருந்தால் திரவம் சும்மா கிடக்க வேண்டும். அரை மணிக்கு ஒரு தரம், கலவையில் இருப்பதைத் தனித்தனிப் புள்ளியாகப் பிரித்துக் காட்டுகிற தகட்டில் சொட்டு வைத்துப் பார்த்தேன். மூலப்பொருளின் புள்ளி மங்கிக்கொண்டே போனது. விளைபொருளின் புள்ளி ஊறிக்கொண்டே வந்தது. அதிகாரி நாற்காலியில் இல்லை, ஆனால் கோப்பில் கையெழுத்து விழுந்துகொண்டே இருக்கிறது. அப்படியென்றால் அதிகாரி வேறெங்கோ உட்கார்ந்திருக்கிறார். திரவத்தில்.

நம்ப மனம் வராமல் இன்னொரு முறை செய்தேன். பிறகு, என் பெருமைக்குரிய புட்டியிலிருந்து ஒரு சிட்டிகைப் பொடியைச் சோதனைக்குழாயில் போட்டு, கரைப்பான் ஊற்றி, கட்டைவிரலால் அடைத்து ஒரு குலுக்குக் குலுக்கினேன். டீ. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இந்த ஒரு நிமிடத்தை நான் பொடியைப் புட்டியில் அடைக்கும் முன்னால் செலவழித்திருந்தால் போதும். கட்டிப்போட்ட வினையூக்கி என்று நான் மதுரை வரைக்கும் பெருமையடித்ததெல்லாம், படிக்கட்டில் தொற்றி வந்த கூட்டம். முதல் நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டது.

ஆனால் இருபத்துநாலு மணி நேரம் கழுவினேனே. அதுதான் விளங்கவில்லை. பழனிசெட்டிபட்டியில் வீட்டுக்குப் போய், செருப்பைக்கூடக் கழற்றாமல் முற்றத்தில் நடந்துகொண்டிருந்தேன். என் மனைவிக்கு மின்சாரப் பிரிவு அலுவலகம் ஒன்றில் எழுத்தர் வேலை. அந்த வருடங்களில் கரண்டு போனால் எங்கள் தெருவில் முதலில் திட்டு வாங்குவது எங்கள் வீட்டுக் கதவுதான். அதனால் எந்த நாளில் எத்தனை மணிக்குக் கரண்டு போனது என்பது அவளுக்குத் தலைகீழ்ப் பாடம்.

"எதுக்கு இந்த நடை நடக்கிறீக? தரை தேயுது."

"வீரபாண்டியில கிடா விருந்துக்குப் போனேன்ல, அன்னைக்குக் கரண்டு இருந்துச்சா?"

"மண்டபத்துல ஃபேன் ஓடுச்சா?"

"நல்லா ஓடுச்சே. அதுலதான் தூங்குனேன்."

"எதுல ஓடுச்சு?"

யோசித்தேன். பந்திக்குப் பின்னால் தடதடவென்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் தாலாட்டு மாதிரி இருந்ததாக யாரிடமோ சொன்ன ஞாபகம்கூட இருக்கிறது.

"ஜெனரேட்டர்ல."

"எதுக்கு ஜெனரேட்டர் போட்டாகன்னு சாப்பிடுறப்ப தோணவே இல்லையா? மாசாந்திரப் பராமரிப்பு வேலை. காலையில ஒம்பதுல இருந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும் இந்தப் பக்கம் பூராம் சப்ளை கிடையாது. நான் மொத நாளே சொன்னேன், இன்னைக்கே மாவாட்டிருவோம்னு. சரி சரின்னு தலைய ஆட்டுனீக."

"அது போக?"

"அது போக வழக்கமான கட்டு. ராத்திரி ரெண்டு மணி நேரம், விடியக்காலம் ஒரு மணி நேரம்."

விரல் விட்டு எண்ணினேன். இருபத்துநாலில் பதினொன்று போனால் பதிமூன்று. நான் வந்து பார்த்தபோது அது சமர்த்தாகச் சொட்டியதற்குக் காரணம், ஐந்து மணிக்குக் கரண்டு வந்ததுதான். அடுப்பும் மோட்டாரும் ஒன்றாகத் தூங்கி ஒன்றாக எழுந்திருக்கின்றன. எனக்கு ஒரு தடயமும் வைக்கவில்லை. பக்கக் குழாயை ஒரு பார்வை பார்த்திருந்தால் அது பழுப்பாகச் சொல்லியிருக்கும்.

"என்ன ஆச்சு?" என்றாள்.

"ஒரு புள்ளைக்கு வேலை போயிருச்சு."

"யாரால?"

செருப்பைக் கழற்றினேன்.

புதன்கிழமை சொல்ல வேண்டும் என்று துறைத்தலைவர் அறை வரைக்கும் நான்கு முறை போனேன். ஒரு முறை கதவைத் தட்டி, அவர் நிமிர்ந்ததும், ஸ்டேப்ளர் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். என்னிடம் ஏற்கனவே இரண்டு ஸ்டேப்ளர் இருந்தது. சொன்னால் மூன்றாவது அத்தியாயம் போகும், ஆய்வேடு தள்ளிப்போகும், இன்னொரு நீட்டிப்புக்கு மனு எழுத வேண்டும். சொல்லாவிட்டால் முதல் வினையின் முடிவு மட்டும் போட்டு, திரும்பப் பயன்படுத்துவது மேலாய்வுக்குரியது என்று ஒரு வரி எழுதித் தப்பித்துக்கொள்ளலாம். அந்த வரியை மனதுக்குள் எழுதியும் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

வியாழக்கிழமை காலையில் முதல் ஆளாகப் போய், சோதனைக்குழாயை அவர் மேசையில் வைத்தேன்.

"என்ன இது, டீயா?"

"என் மூணாவது சாப்டர் சார்."

எல்லாவற்றையும் சொன்னேன். கிடா விருந்தைக்கூட விடவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மறுபடி ஆரம்பிச்சா எவ்வளவு ஆகும்?"

"ஆறு மாசம் சார்."

"அந்தப் புள்ள கையில தப்பு இல்லைங்கிறீங்க."

"தப்பைக் கண்டுபிடிச்சதே அதுதான் சார். நான் தூசின்னு சொல்லி மூடிட்டேன். தூத்துனதாச் சொன்னது சும்மா வாய்க்கொழுப்பு."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சோதனைக்குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "அன்னைக்கு நானும்ல சிரிச்சேன்" என்றார். பிறகு மேசையிலிருந்து பட்டியலை எடுத்தார். "நாளைக்கு மத்தியானம் இது போகணும். அந்தப் புள்ளைக்கு வர விருப்பமான்னு தெரியாம பேரப் போட மாட்டேன். நீங்களே நேர்ல போய்க் கேளுங்க."

உத்தமபாளையம் போய், அங்கிருந்து கோம்பை வழி போகும் டவுன் பஸ்ஸில் ஏறினேன். சீட்டு காலியாக இருந்தும் உட்கார முடியவில்லை. மன்னிப்புக் கேட்பதற்கு மூன்று வாசகம் தயார் செய்தேன். மூன்றிலும் ஒரு நகைச்சுவை இருந்தது. நீக்கினால் வாசகமே நிற்கவில்லை. நடத்துநர், "எறங்கணுமா, ஏறணுமாண்ணே? ஒரு எடத்துல நில்லுங்க" என்றார்.

பண்ணைப்புரத்தில் வீட்டுக்கு எதிரே வேப்பமரத்தடியில் சின்ன வெங்காயத்தைக் கொட்டி, தாளை அறுத்துக்கொண்டிருந்தார்கள் அப்பாவும் மகளும். என்னைப் பார்த்ததும் அந்தப் பெண் நிமிர்ந்துவிட்டுத் திரும்பவும் குனிந்துகொண்டது. அப்பாதான் எழுந்தார்.

"வாங்க சார். என்ன இம்புட்டுத் தூரம்? எம்மக கண்ணாடிச் சாமான் எதையும் ஒடச்சிருச்சா?"

"இல்லைங்கய்யா. ஒடச்சது நான்."

அவர் புரியாமல் ஒரு சாக்கை விரித்து, உட்காரச் சொன்னார். நின்றுகொண்டே சொன்னேன். கழுவாத பொடி, கரண்டு இல்லாத அடுப்பு, குலுக்கினால் டீ, எல்லாம். அப்பா, "அடக் கொடுமையே" என்று ஜெனரேட்டர் வந்த இடத்தில் சிரித்துவிட்டார். மகள் சிரிக்கவில்லை. கத்தி வெங்காயத்தில் சரக் சரக்கென்று போய்க்கொண்டிருந்தது.

"எத்தனை மணி நேரம் கரண்டு இருந்துச்சு?"

"பதிமூணு."

"பக்கக் குழாயப் பாக்கலையா?"

"பாக்கல."

"என் நோட்டுல எடை போட்டுருந்தேன்ல. அதை எப்பப் பாத்தீக?"

"செவ்வாக்கெழமை."

"தூத்துனேன்னு சொன்னது எப்ப?"

"அதுக்கு நாலு நாள் முந்தி."

அது தலையை ஆட்டிக்கொண்டது, குறிப்பேட்டில் ஒரு அளவைப் பதிந்துகொள்கிற மாதிரி. எனக்குக் கை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஒரு வெங்காயத்தை எடுத்து உரித்தேன். கண்ணில் நீர் வந்தது. அது வெங்காயத்தால் என்று சொல்ல வாய் வந்து, கடைசி நொடியில் அடக்கினேன். என் வாழ்நாளில் நான் அடக்கிய முதல் நகைச்சுவை அதுவாக இருக்கலாம்.

"நான் சொன்னது தப்புத்தா. சாரு கிட்டச் சொல்லிட்டேன். செய்முறை வகுப்புப் பிள்ளைக கிட்டயும் நாளைக்குச் சொல்லுவேன். பட்டியல்ல ஒம்பேரு போகும், நீ சரின்னா. மறுபடி மொதல்ல இருந்து பொடி செய்யணும். கொக்கியில இருந்து ஆரம்பிக்கணும். ஆறு மாசம் ஆகும். நீ இல்லாம என்னால முடியாது. எனக்குக் கடிகாரம்கூடப் பாக்கத் தெரியல, நீயே பாத்த. திங்கக்கெழமை வர்றியா?"

அது கடைசி வெங்காயத்தின் தாளை அறுத்து, கத்தியைச் சாக்கில் துடைத்து வைத்தது.

"வர்றேண்ணே, நீங்க பேசாம இருக்கதா இருந்தா."